மூலை கருகிய கடிதம்

மாரியம்மன் துணை

கல்லுமலைத் தோட்டம்,
தெமோதரை, பதுளை.
1923 ஐப்பசி 19, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சி இராக்கம்மாளுக்கு,

இந்த எழுத்தைப் பார்த்து நீ சிரிக்காதே. உனக்குப் படித்துச் சொல்கிறவரையும் சிரிக்க வேண்டாம் என்று சொல். வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்கும். சில எழுத்து பூசணிக்காய் போல இருக்கும், சில எழுத்து எறும்பு போல இருக்கும். மழை நாளில் சறுக்குப் பாதையில் இறங்குகிறவனின் கால்தடம் மாதிரி எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள். ஏனென்றால் இதை எழுதுவது கணக்கப்பிள்ளை ஐயா இல்லை. நான்தான். உன் அண்ணன் கந்தப்பன், என் சொந்தக் கையால்!

காலையில் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இன்று வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் வெயில் எங்கள் வரிசை வீட்டு லயத்துக் கூரையைத் தாண்டிப் போய்விட்டது. ஆனாலும் அலுக்கவில்லை. ஒரு வார்த்தை முடிந்ததும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். நான் சொன்னது அங்கேயே இருக்கிறது, ஓடிப் போகவில்லை. இது பெரிய அதிசயமாக இருக்கிறது.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் கணக்கப்பிள்ளை ஐயா எழுதியவை. முத்து முத்தான எழுத்து. ஆனால் ‘உன் மதினி மாரியாயி போன பிறகு சோறு இறங்கவில்லை’ என்று நான் சொன்னால், ‘இவ்விடம் அனைவரும் சுகம்’ என்று எழுதிவிடுவார். போன மாதம்தான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். லயத்தில் எல்லாருக்கும் அதே வரிதான் எழுதுகிறார்.

என் முதுகு வளைந்து மலை ஏற முடியாமல் போனதும், துரை தபால் பையை என் தோளில் மாட்டிவிட்டது உனக்குத் தெரியும். தினமும் தெமோதரைக்கு இறங்கி, தோட்டத்துக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, வந்த கடிதங்களைச் சுமந்துகொண்டு ஏறுகிறேன். எனக்குப் படிக்கத் தெரிந்ததெல்லாம் மூலைகள்தான். மஞ்சள் பூசியிருந்தால் நல்ல சேதி. கரி பூசியிருந்தால் சாவு. கரிக் கடிதம் பையில் இருக்கும் அன்று நான் லயத்துக்குள் நுழையும்போதே பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

ஸ்டேஷனுக்கு எதிரில் கடை வைத்திருக்கும் ஹாஷிம் நானாதான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். “கந்தப்பன், பல்லுப் போன வாய்க்கு இப்ப என்னத்துக்கு முறுக்கு?” என்று கேட்டார். “ஊறவெச்சுத் தின்னுக்கிறேன் நானா” என்றேன். அரிசி மூட்டை, பிஸ்கட் தகரம் எல்லாவற்றிலும் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஸ்டேஷன் பலகையில் தெ-மோ-த-ரை என்று படித்த அன்று, இத்தனை நாளும் அந்தப் பலகையின் கீழ் முகவரி தெரியாத ஆளாகவா நின்றேன் என்று சிரித்துக்கொண்டே மலை ஏறினேன்.

இப்போது முக்கியமான சேதி. இராக்கம்மா, நீ இங்கே வந்துவிடு. உன் வீட்டுக்காரர் போய் அங்கே நீ ஒற்றையாக இருக்கிறாய். மாரியாயி போய் இங்கே நான் ஒற்றையாக இருக்கிறேன். இரண்டு பேர் இரண்டு அடுப்பில் ஏன் பொங்க வேண்டும்? என் ஒற்றை அறைக் காம்பராவுக்குச் சாணி மெழுகி, கூரை ஒழுகும் இடத்தில் தகரம் வைத்திருக்கிறேன்.

உனக்குக் கடல் பயம் என்று தெரியும். நாம் சிறுசுகளாக வந்த பாய்த்தோணி காற்றில் சாய்ந்ததும், நம் இரண்டு பேரையும் பாய்க்கயிற்றில் கட்டிவிட்டு அம்மா மட்டும் அலையோடு போனதும் எனக்கும் மறக்கவில்லை. கல்யாணத்துக்காக நீ ஊருக்குத் திரும்பிய அன்று கண்ணை மூடிக்கொண்டுதான் தோணி ஏறினாய். ஆனால் இப்போது இருப்பது இரும்புக் கப்பல். தனுஷ்கோடியில் ஏறி வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் தலைமன்னார் வந்துவிடும் என்கிறார்கள். அங்கிருந்து ரயில். நம் பக்கத்து ஆள்களைக் கூட்டிவரும் வீரசிங்கம் கங்காணி நல்லவர். அவரோடு வா.

என் கையெழுத்தில் போகும் முதல் கடிதம் இது. உறையின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகப் பூசியிருக்கிறேன். ஈரமாக இருக்கிறது. அடுப்போரம் சாய்த்து வைத்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும். வெளிச்சம் வருவதற்கு முன்பே பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும் அண்ணன்,
கந்தப்பன்


மேலக்கருங்குளம்,
திருச்சிராப்பள்ளி ஜில்லா.
ஐப்பசி 28

கல்லுமலைத் தோட்டத்தில் என் அண்ணன் கந்தப்பன் இருந்த காம்பராவில் இப்போ இருக்கிற முகம் தெரியாத மகராசருக்கு, அவர் தங்கச்சி இராக்கம்மா சொல்ல, தபால்காரர் எழுதுவது.

நீங்க போட்ட கடுதாசி வந்துச்சு. நாலு மூலையும் கறுத்துப் போய் வந்துச்சு. தபால்கார ஐயா வாசல் மிதிக்காம வேலிக்கு அந்தாண்டையே நின்னு, “ஆத்தா, கண்டிச் சீமையிலேருந்து கரிக் கடுதாசி, மனசைத் தெடப்படுத்திக்க”ன்னு சொன்னாரு. எப்பவும் வர்ற அழகான எழுத்து இல்லை, வேற யாரோ கை நடுங்க விலாசம் எழுதியிருக்காங்கன்னாரு. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. அண்ணன் இருந்தா அந்தக் கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லித்தானே எழுதும். அண்ணன் போயிட்டதாலதான் யாரோ புதுசா எழுதியிருக்காங்க.

கரிக் கடுதாசிய வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதே. வாசல்லயே நாலாக் கிழிச்சு வாய்க்கால்ல விட்டுட்டுத் தலை முழுகினேன். படிக்கலை. ஆள் போன பிறகு எழுத்துல என்ன இருக்கு? ஊர்ப் பொம்பளைங்க கட்டிப்பிடிச்சு அழுதாங்க. நானும் பாடி அழுதேன். தொண்டை போயிடுச்சு.

மகராசா, ஒரு தந்தி அடிச்சிருக்கலாமே. முகத்தையாவது பார்த்திருப்பேனே. எங்க அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. மதினியும் முன்னாடியே போயிட்டா. வாய்க்கரிசி போட ஒரு சொந்தக் கை இல்லாம அதை மண்ணுக்குள்ள வெச்சிருப்பீங்க. அதை நெனைச்சா எனக்கு உக்கார முடியலை, படுக்க முடியலை.

அதனால நான் கிளம்பிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை வீரசிங்கம் கங்காணியோட ஆளுங்களோட ரயில் ஏறுறேன். மண்டபம் காம்புல ஒரு வாரம் போல நிறுத்தி ஊசி போட்டுத்தான் கப்பலுக்கு விடுவாங்களாம். எங்க அப்பன் காட்டுல விளைஞ்ச நெல்லு ஒரு முடிச்சுக் கட்டியிருக்கேன். எங்க அம்மா கடலோட போனா. அவளுக்கு வாய்க்கரிசி இல்லை. அண்ணனுக்கும் இல்லாமப் போக விட மாட்டேன். குழிமேட்டுலயாவது தூவிட்டுத்தான் மறு வேலை.

எனக்குக் கடல்னா குலை நடுங்கும். ஆத்துத் தண்ணி முட்டிக்கு மேல வந்தாலே திரும்பிருவேன். இந்த வாரமா ராமேசுவரத்துப் பக்கம் வானம் சரியில்லைன்னு தபால்கார ஐயா சொல்றாரு. கொஞ்சம் பொறுத்துப் போ ஆத்தாங்கிறாரு. பொறுத்தா கருமாதி போயிடும். கண்ணை முந்தானையால கட்டிக்கிட்டு ஏறிடுவேன்.

நான் வர்ற வரைக்கும் அண்ணன் சாமானை யாரும் பங்கு போட வேணாம். முக்கியமா அந்தக் குடையை. புதுக் குடைன்னு போன வருசம் எழுதியிருந்துச்சு.

துக்கத்தோட,
இராக்கம்மா
(கைநாட்டு)


கல்லுமலைத் தோட்டம்
கார்த்திகை 4

மண்டபம் காம்பில், வீரசிங்கம் கங்காணி ஆள்களோடு இருக்கும் மேலக்கருங்குளம் இராக்கம்மாளுக்கு.

நான் சாகவில்லை. படிக்கிறவர் இந்த வரியை உரக்கப் படிக்கவும்.

கப்பலில் ஏறாதே. இதை இன்னும் உரக்கப் படிக்கவும்.

தங்கச்சி, உன் கடிதம் இன்று பையில் வந்தது. என் காம்பரா விலாசம் என்பதால் ஹாஷிம் நானா கடை வாசலிலேயே நின்று பிரித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தானே எனக்குப் படிக்க வரும். ‘அண்ணன் போயிட்டதாலதான்’ என்பதை முதலில் படித்தபோது, எந்த அண்ணன் என்று யோசித்தேன். நம் சாதி சனத்தில் யார் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நானா வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். “கந்தப்பன், மவுத்தான ஆளுக்கு நான் கடனுக்குப் புகையில கொடுக்கிறதில்ல” என்றார். நானும் சிரித்தேன். பொய்ச் சாவு வந்தால் ஆயுசு கெட்டி என்பார்களே. மறுபடி கடிதத்தைக் கையில் எடுத்தேன். ‘வர்ற வெள்ளிக்கிழமை’ என்று இருந்தது. அந்த வெள்ளி போய்விட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

எப்படி ஆனது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. மஞ்சளைக் காயவைக்க உறையை அடுப்போரம் சாய்த்து வைத்தேன் அல்லவா, அந்த மஞ்சள் நான்கு மூலையிலும் சூட்டில் கருகியிருக்கிறது. இருட்டில் எடுத்தேன், இருட்டிலேயே பையில் போட்டேன், தபால் கந்தோரில் என் கையாலேயே கொடுத்தேன். இந்தத் தோட்டத்து மூலைகளையெல்லாம் பார்த்துப் பழகியவன், என் மூலைகளைப் பார்க்கவில்லை. கடிதம் எழுதிவிட்டேன் என்ற ஆனந்தத்தில் என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இராக்கம்மா, நல்ல சேதி என்று நான் தாராளமாகப் பூசிய மஞ்சள்தான் உன்னை இழுத்துக் கடல் ஓரத்தில் விட்டிருக்கிறது.

உடனே தபால் மாஸ்டர் ஐயாவிடம் ஓடினேன். மண்டபத்துக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன். காலையிலிருந்து வடக்கே கம்பி பேசவில்லை, எங்கோ மரம் விழுந்திருக்கிறது என்றார். கிழக்குக் கடலில் பெரிய புயல் கிளம்பி மன்னார்ப் பக்கம் நகருகிறது என்று கம்பி அறுவதற்கு முன்பே சேதி வந்ததாம். “அப்போ கப்பலை நிறுத்திடுவாங்களா ஐயா?” என்று கேட்டேன். “புயல் திசை மாறினா நிறுத்த மாட்டாங்க. மாறுமா மாறாதான்னு கடலுக்குத்தான் தெரியும்” என்றார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடலாமா என்று கேட்டதற்கு, “போடு கந்தப்பா. ஆனா கடிதமும் அந்தக் கப்பல்லதான் போகணும்” என்றார். நான் ஏறாதே என்று சொல்வதும் அதே கடலைத் தாண்டித்தான் உன்னிடம் வர வேண்டியிருக்கிறது.

இங்கே நேற்றிலிருந்து காற்று ஒரு மாதிரி இருக்கிறது. அடிக்கவில்லை, நிற்கிறது. தேயிலை ஆடவில்லை. நமுனுகுலை மலை பக்கத்தில் வந்து நிற்பது போலத் தெரிகிறது. காக்கையெல்லாம் கொழுந்து அரைக்கும் ஸ்டோர்க் கூரைக்குள் புகுந்துகொண்டது. அம்மா போன அன்று தோணியிலும் முதலில் இப்படித்தான் காற்று நின்றது. பாய் தொங்கியது. உனக்கு நினைவிருக்காது, நீ சிறியவள். எனக்கு இருக்கிறது.

வா வா என்று எழுதியவன் நான். இப்போது வராதே என்று எழுதுகிறேன். காம்பிலேயே இரு. யார் கூப்பிட்டாலும் ஏறாதே. நான் உயிரோடு இருக்கிறேன். குடையும் என்னிடமே இருக்கிறது.

மூலையில் ஒன்றும் பூசவில்லை.

கந்தப்பன்


கல்லுமலைத் தோட்டம்
கார்த்திகை 12

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்துக்கு என்ன விலாசம் எழுதுவது என்று தெரியவில்லை. மண்டபம் என்று எழுதுவதா? நீ வந்து இறங்கியிருந்தால் தலைமன்னார் என்று எழுதுவதா? இன்னொன்றும் மனதில் வருகிறது. அதை எழுதக் கை வரவில்லை.

காற்று வியாழக்கிழமை வந்தது. கடலில் இருந்து இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில் இருக்கும் எங்களையே அது விடவில்லை. மேல் லயத்துத் தகரங்கள் பறந்து தேயிலைக்குள் விழுந்தன. நாங்கள் எல்லாரும் ஸ்டோருக்குள் அடைந்து கிடந்தோம். பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, சாமியக் கும்பிடுங்க” என்று அழுதாள். எனக்குச் சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை. மலையிலேயே இப்படி என்றால் கடலில் எப்படி, மலையிலேயே இப்படி என்றால் கடலில் எப்படி என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

பண்டாரவளைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. ரயில் இல்லை. ஆனாலும் தினமும் தெமோதரைக்கு இறங்குகிறேன். வெறும் பையோடு போய் வெறும் பையோடு வருகிறேன். மூன்றாம் வளைவில் காற்று என் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. போகட்டும்.

நேற்று ஒரு வண்டிக்காரன் ஹல்துமுல்லை வழியாக வந்தான். பழைய பேப்பர் ஒன்றை நானா கடையில் போட்டுவிட்டுப் போனான். ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாங்கி எழுத்துக் கூட்டினேன். தனுஷ்கோடியிலிருந்து பிரயாணிகளோடு புறப்பட்ட கப்பல் குறித்த நேரத்தில் தலைமன்னார் வந்து சேரவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே துணி விளம்பரம். நான் எழுத்து விட்டுப் படித்துவிட்டேனோ என்று மறுபடி படித்தேன். நானாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் பேப்பரை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டார். “தண்ணி குடிக்கிறியா கந்தப்பன்?” என்று மட்டும் கேட்டார்.

எழுத்துத் தெரியாமலே இருந்திருக்கலாம். முன்பு கெட்ட சேதி என்றால் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். இப்போது நானே தனியாகப் போய் அதைத் தொட்டுவிட்டேன்.

மேல் லயத்துப் பாக்கியலெட்சுமிக்கும் அந்தக் கப்பலில் ஆள் வர வேண்டும். அவள் புருசன். நான் மலை ஏறும்போது வழியிலேயே வந்து நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். நான் எதுவும் காட்டாமல் நடக்கிறேன். நான் யார் முகத்தைப் பார்ப்பது?

அம்மாவைக் கடல் எடுத்துக்கொண்ட அன்று நீ என் தோளைக் கடித்துக்கொண்டே அழுதாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. உன்னைப் பார்த்துக்கொள் என்றுதான் அம்மா என்னிடம் சொன்னாள். நான் உன்னைக் கூப்பிட்டேன், இராக்கம்மா. நான்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

எங்கே இருந்தாலும் ஒரு வரி அனுப்பு.

அண்ணன்


மண்டபம் காம்பு
கார்த்திகை 10

அட பாவி அண்ணே,

நீ சாகலையா!

இதை எழுதுறது நூருல் இனாயான்னு ஒரு தங்கமான பொண்ணு. பதுளையில கடை வெச்சிருக்கிற புருசன்கிட்டப் போகுது. அழகா எழுதுதுன்னு காம்புல எல்லாரும் இதுகிட்டத்தான் வர்றாங்க. ரயில் ஓடுமோ ஓடாதோ, தபாலை நம்ப வேணாம், கையோட கொண்டு வந்து தெமோதரைக் கடையில கொடுக்கிறேன்னு சொல்லியிருக்கு.

உன் கடுதாசி எனக்குக் கப்பல் ஏறுறதுக்கு முந்தி வரலை அண்ணே. ஏறி, செத்து, திரும்பி வந்த பிறகுதான் வந்துச்சு.

வியாழக்கிழமை எங்களை விட்டாங்க. வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்துச்சு. காத்து திசை மாறிடுச்சுன்னாங்க. சொன்ன மாதிரியே கண்ணைக் கட்டிக்கிட்டேன். ஒரு கையில நெல்லு முடிச்சு, இன்னொரு கையை இந்த இனாயா பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் தொட்டில் மாதிரி இருந்துச்சு. அப்புறம் யாரோ தொட்டிலை எட்டி உதைச்ச மாதிரி ஆயிருச்சு. மனுசங்க இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் உருண்டாங்க. மேல விழுந்தவங்க வாந்தி எடுத்தாங்க. “ஆத்தா, கண்ணைத் தொறங்க, மூடினாலும் தொறந்தாலும் ஒரே இருட்டுத்தான்”னு இனாயா சொல்லுச்சு. தொறந்து பார்த்தேன். மத்தியானம் அண்ணே! ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியலை. முருகாங்கிறாங்க, அல்லாங்கிறாங்க, மாதாவேங்கிறாங்க. வீரசிங்கம் கங்காணி எங்களையெல்லாம் அதட்டுற ஆளு. அந்த ஆளு, “எங்கம்மா, எங்கம்மா”ன்னு குழந்தை மாதிரி கத்துறாரு.

எதிர்க்கரை விளக்கு தெரியுதுன்னு சொன்னாங்க. அப்புறம் தெரியலைன்னாங்க. இறங்குதுறைப் பாலத்துல கட்ட முடியாம கப்பலைத் திருப்பினாங்களாம். திருப்பும்போது ஒரு பக்கமா படுத்துச்சு பாரு, அப்ப ஒரு அலை உள்ள வந்து என் மூஞ்சில அறைஞ்சுச்சு. அதே உப்பு. அம்மா போனப்ப என் வாய்க்குள்ள போன அதே உப்பு. நான் சின்னவ, எனக்கு நினைவிருக்காதுன்னு எழுதியிருக்கியே. எனக்கு எல்லாம் நினைவிருக்கு. உன்கிட்டச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்பத்தான் எனக்கு உன்மேல கோபம் வந்துச்சு. செத்தவனைத் தேடிப் போய் நானும் சாகுறேனேன்னு நெனைச்சேன். நெல்லு முடிச்சைக் கடல்ல எறிஞ்சிரலாமான்னு பார்த்தேன். எறியலை. விடியற வரைக்கும் கடல் எங்களைப் போட்டு ஆட்டிட்டு அப்புறம்தான் கரைக்கு விட்டுச்சு. ஒரு உசிரும் போகலை. சாமி புண்ணியம்.

காம்புக்குத் திரும்பி வந்து ஈரச் சேலையோட சுருண்டு கிடக்கிறேன். கிளார்க்கு என் பேரைக் கூப்பிடுறாரு. கடுதாசியாம். இனாயா பிரிச்சு, “நான் சாகவில்லை”ன்னு கத்துச்சு. கடைசி வரி வரைக்கும் நான் நம்பலை. குடையும் என்னிடமே இருக்கிறதுன்னு வந்துச்சு பாரு, அப்பத்தான் இது எங்க அண்ணன்தான்னு நம்பினேன். விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் அழுதேன். செத்ததுக்கு அழுததை விட இது அதிகம்.

அண்ணே, இப்ப சொல்றதைக் கோவிச்சுக்காம கேளு. நாளைக்கோ மறுநாளோ கப்பல் விடப் போறாங்களாம். வீரசிங்கம் கங்காணி, “வா ஆத்தா, இப்ப கடல் பால் மாதிரி இருக்கு”ங்கிறாரு. பால்தான் பொங்கும்னு சொல்லிட்டேன்.

நான் வரலை. ஊருக்குத் திரும்புறேன்.

நீ செத்துட்டேன்னு நெனைச்சதாலதான் அந்தக் கப்பல்ல ஏறினேன். செத்தவனுக்குப் பதில் சொல்லத் தெரியாது, அவன்கிட்ட நான்தான் போகணும். நீ உசிரோட இருக்கே. உசிரோட இருக்கிறவன் எழுதலாமே. அடுப்பு ரெண்டாவே இருக்கட்டும். இன்னொரு தடவை அந்த உப்பு என் வாய்க்குள்ள போனா நான் தாங்க மாட்டேன். அந்த அலையில எனக்குத் தெரிஞ்சது அம்மா முகம் இல்லை அண்ணே. பாய்க்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்னை இறுக்கிக் கட்டிப்பிடிச்ச உன் முகம்தான். சின்னப் பையன் முகம். அது எனக்குப் போதும்.

வாய்க்கரிசிக்குக் கட்டின நெல்லை இனாயாகிட்டக் கொடுத்தனுப்புறேன். உப்புத் தண்ணி பட்டிருக்கும், நல்லா அலசு. குத்திப் பொங்கித் தின்னு. உன் வாய்க்குன்னு கொண்டு வந்ததுதானே.

இனிமே ஒரு கடுதாசிக்கும் மஞ்சள் பூசாதே, சொல்லிட்டேன்.

உன் தங்கச்சி,
இராக்கம்மா
(கைநாட்டு)


கல்லுமலைத் தோட்டம்
கார்த்திகை 18

அன்புள்ள தங்கச்சி இராக்கம்மாளுக்கு,

நேற்று ரயில் வந்தது. நானா கடை வாசலில் ஒரு பெண் துணி முடிச்சோடு இறங்கி, “இங்க மவுத்தாகிப் பொழச்ச கந்தப்பன் யாரு?” என்று கேட்டது. நான் வாய் திறப்பதற்குள் ஹாஷிம் நானா என்னைக் கையால் காட்டிவிட்டார். அந்தப் பெண்ணே கடிதத்தைப் பிரித்துக் கொடுத்தது. ‘அட பாவி அண்ணே’ என்று படித்ததும், மேலே படிக்க முடியாமல் கடிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டேன். உப்பும் சாம்பிராணியும் மணத்தது.

பாக்கியலெட்சுமியின் புருசனும் அதே ரயிலில் வந்துவிட்டான். நான் மலை ஏறும்போது அவள் வழியில் நின்றாள். அவளுக்குக் காட்ட என் முகத்தில் நல்ல சேதி இருந்தது. அவள் ஓடியே போய்விட்டாள். நான் மெதுவாக ஏறினேன்.

நீ வரவில்லை என்பதைப் பாதி வழியில், தண்ணீர்ப் பீலியடியில் உட்கார்ந்து படித்தேன். கோபம் இல்லை தங்கச்சி. கொஞ்ச நேரம் நெஞ்சுக்குள் காற்று நின்றது போல இருந்தது. பிறகு அது போய்விட்டது. உனக்காக மெழுகி வைத்த மூலையில் ரெங்கம்மா கோழியை அடைக்கட்டுமா என்று கேட்டாள். அடைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

நெல்லை அலசிக் காயவைத்து, உரலில் நானே குத்தினேன். இரண்டு கைப்பிடி தேறியது. நீ சொன்னபடி எத்தனை தடவை அலசியும் அதில் உப்பு போகவில்லை. அம்மன் முன்னால் வைத்துவிட்டு, கொஞ்சம் எடுத்து அம்மாவை நினைத்து ஓடையில் விட்டேன். இந்தத் தண்ணீரும் எப்படியும் கடலுக்குத்தானே போகிறது. அவளுக்கும் இத்தனை காலம் கழித்து ஒரு வாய் கிடைக்கட்டும். மீதியைப் பொங்கி நான் சாப்பிட்டேன். மாரியாயி போன பிறகு சோறு நன்றாக இறங்கியது இன்றுதான்.

புயல் போய்விட்டது. ஆனால் பயம் முழுதாகப் போகவில்லை. கூரையில் தகரம் தட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நமக்கு நடுவில் அந்தக் கடல் அப்படியே கிடக்கிறது. நாம் இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ அதை எழுதவில்லை, நானும் இந்த ஒரு தடவைதான் எழுதுகிறேன்.

அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளலாம். இனி மஞ்சளும் வேண்டாம், கரியும் வேண்டாம். இந்தக் கோணல் எழுத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். பூசணிக்காய் எழுத்தும் எறும்பு எழுத்துமாகக் கடிதம் வந்தால், நான் இருக்கிறேன் என்று அர்த்தம். மூலை எப்படி இருந்தாலும் கிழித்துவிடாதே, படிக்கச் சொல். ஒரு நாள் முத்து முத்தான எழுத்தில் அழகாக ஒரு கடிதம் வரும். அப்போது அழு. தொண்டை போகிற அளவுக்கு வேண்டாம், அதைத்தான் ஏற்கனவே அழுது தீர்த்துவிட்டாயே.

நீயும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். யாரைக் கொண்டு எழுதினாலும் கடைசியில் உன் கையால் ஒரு கோடு போடு. கைநாட்டு வேண்டாம், அதை யாரும் பிடித்து அழுத்திவிடலாம். நீயே பேனாவைப் பிடித்து ஒரு கோடு. கோணலாக இருக்கட்டும். அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கணக்கப்பிள்ளை ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். “எனக்காக ஒரே ஒரு கடிதம் உங்கள் கையால் போக வேண்டியிருக்கிறது. அதுவரைக்கும் உங்களுக்குச் சிரமம் இல்லை” என்று. “அது எப்ப கந்தப்பா?” என்று கேட்டார். “அவசரமில்லைங்க” என்றேன்.

கை வலிக்கிறது. வெயில் கூரையைத் தாண்டிவிட்டது. குடை இல்லாமல் இறங்க வேண்டும், மழைக்கு முன்னால் கிளம்புகிறேன். இதோ, மூலை நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். வெள்ளையாக இருக்கிறது.

அடுத்த கிழமை எழுதுவேன்.

உன் அண்ணன்,
கந்தப்பன்